மேகத்தில் ஒரு தொலைபேசி

"ஹலோ... ஹலோ... யார் பேசுகிறீர்கள்? சற்று உரக்கப் பேசுங்கள்!"

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்கள் எங்கள் விடுதி அலுவலகத்தில் இக்குரலே கேட்டுக்கொண்டிருந்தது. மணி அடிக்கும், சிஸ்டர் விரைந்து சென்று எடுப்பார், மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இராது. யாரோ விளையாடுகிறார்கள் என்று எண்ணி வைத்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கையில் ஒரு துணிப்பையுடன் ஒரு தாய் வந்து நின்றார். "சிஸ்டர், நேத்து ராத்திரி மூணு தடவை போன் பண்ணினேன். நீங்க 'ஹலோ ஹலோ'ன்னு கூப்பிட்டது எனக்கு நல்லாக் கேட்டுது. நான் கத்தினதுதான் உங்களுக்குக் கேக்கல போல. வச்சிட்டீங்க" என்றார். பாட்டிக்கு உடல்நிலை மோசமாகிவிட்டதால் மகளை அனுப்பி வைக்கும்படி சொல்லவே அவர் அழைத்திருக்கிறார். சொல்ல முடியாமற் போகவே, இரவு பஸ் ஏறி அவரே வந்துவிட்டார்.

ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கிறது. மற்றவர் பேசுவது இவருக்குக் கேட்கவில்லை. பாதித் தொலைபேசி! இஃது எப்படி நேரும்? பழைய தொலைபேசி கரகரக்கும், செத்தும் போகும். ஆனால் இப்படி ஒரு காது மட்டும் செவிடானதில்லையே என்று ஆசிரியைகளே வியந்தனர். அந்தக் கோடை விடுமுறையில்தான் பள்ளியின் தொலைபேசிகள் யாவும் "மேகத் தொலைபேசி"யாக மாற்றப்பட்டிருந்தன. காரணத்தை அறிய விரும்பிய எங்களுக்குக் கணிப்பொறி ஆசிரியையும், பழுது பார்க்க வந்த பொறியாளரும் பொறுமையாக விளக்கினர். அவர்கள் கூறியவற்றையும் பின்னர் நாங்கள் படித்தறிந்தவற்றையும் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

முதலில் பழைய கதையைச் சிறிது பார்ப்போம். 1878-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரர்களுடன் ஒரு தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் அழைப்புகளை இணைக்கும் பணியில் சிறுவர்களே அமர்த்தப்பட்டனர். அவர்களோ அழைத்தவர்களிடம் துடுக்காகப் பேசினர்! ஆகவே அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள், பாஸ்டன் நகரில் எம்மா நட் என்னும் பெண் அப்பணியில் அமர்ந்தார். உலகின் முதல் பெண் தொலைபேசி இயக்குநர் அவரே. பெண்கள் வெளியே சென்று வேலை பார்ப்பது அரிதாயிருந்த அந்நாளில் இலட்சக்கணக்கான பெண்களுக்கு ஊதியம் தந்த தொழில் இது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். நம் சென்னைக்குத் தொலைபேசி நிலையம் வந்ததும் வெகு பின்னால் அன்று, 1882-இலேயே. ஆனால் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு இயக்குநரின் உதவியின்றி நாமே எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி நம் நாட்டில் 1960-இல்தான், கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கிற்று. அதுவரை டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த கதையை நம் தாத்தா பாட்டியரைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்தப் பழைய முறையில், நாம் பேசத் தொடங்கியதும் நம் வாயிலிருந்து மறுமுனைக் காது வரை ஒரு தனிப்பாதை ஒதுக்கப்படும். நாம் பேசாமல் விம்மிக்கொண்டிருந்தாலும் அப்பாதை நமக்கே உரியது. வேறெவரும் அதில் நுழைய முடியாது. பின்னாளில் குரலை எண்களாக மாற்றி அனுப்பக் கற்றபோதும் இவ்வழக்கம் மாறவில்லை. குரல் எப்படி எண்ணாகும் என்று கேட்கிறீர்களா? ஒரு நொடியில் 8,000 தடவை குரலின் அலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டுகளால் குறிப்பார்கள். எட்டையும் எட்டாயிரத்தையும் பெருக்கினால் நொடிக்கு 64,000 பிட். இதுவே ஒரு குரலின் விலை. இத்தகைய 32 தடங்களை ஒரே கம்பியில் அடுக்கி, அவற்றுள் 30-ஐப் பேச்சுக்கும் எஞ்சிய இரண்டை ஒழுங்குபடுத்துவதற்கும் வைத்துக்கொண்ட இணைப்பைத்தான் பெரிய அலுவலகங்கள் நெடுங்காலம் வாங்கி வந்தன.

பள்ளி, மருத்துவமனை, கம்பெனி போன்ற இடங்களில் ஒரு மூலையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று சுவரில் மாட்டியிருக்கும். இன்டர்காம் பெட்டி என்று நாம் சொல்வோம். வெளியிலிருந்து வரும் நான்கைந்து இணைப்புகளை உள்ளே உள்ள நாற்பது ஐம்பது தொலைபேசிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை. வெளியே பேச வேண்டுமானால் முதலில் ஒன்பதையோ சுழியையோ அழுத்த வேண்டும். (இந்த ஒன்பதைப் பற்றிப் பின்னால் ஒரு துயரக் கதை வருகிறது, மறந்துவிடாதீர்கள்.)

மேகத் தொலைபேசி என்றதும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை! சுவரில் இருந்த அந்தப் பெட்டியின் வேலையை எங்கோ தொலைவில், பெருங்கட்டடம் ஒன்றில் வரிசை வரிசையாக நிற்கும் கணிப்பொறிகள் செய்கின்றன. அவ்வளவே. நம் மேசையில் இருப்பது இணையக் கம்பியில் சொருகிய ஒரு கருவி. அல்லது கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ உள்ள ஒரு செயலி. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் "டீம்ஸ்" என்பதைப் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகளுக்காக நம்மில் பலர் பயன்படுத்தியிருப்போம். அதுவே அலுவலகங்களுக்கு இத்தகைய தொலைபேசியாகவும் பயன்படுகிறது. செயலி வைத்திருக்கும் இருவர் தமக்குள் பேசிக்கொள்ள வேறொன்றும் தேவையில்லை. ஆனால் கிராமத்தில் ஒரு சாதாரணக் கைப்பேசியை வைத்திருக்கும் தாய் எப்படி இந்த மேகத்துக்குள் நுழைவார்? அவரிடம் இருப்பது ஒரு தொலைபேசி எண் மட்டுமே. அந்த எண்ணை உலகெங்கும் அறிந்திருப்பது பொதுத் தொலைபேசி வலை. மேகமோ வேறொரு நாடு போன்றது. இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும்.

மேகத்தின் நாட்டில் தனிப்பாதை என்ற பேச்சே இல்லை. அங்கு எல்லாம் தபால்தான். நம் பேச்சை 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஓர் உறையிலிட்டு, முகவரி எழுதி அனுப்புகிறார்கள். நொடிக்கு 50 உறைகள்! மேலே சொன்ன 64,000 பிட்டை ஐம்பதால் வகுத்தால் ஓர் உறைக்குள் 160 எழுத்தளவு குரல் இருக்கும். அதன்மேல் முகவரிக்கு மட்டும் 40 எழுத்து. ஆகவே குரல் ஒன்றுக்கு நொடிக்கு 80,000 பிட் செலவாகிறது. முகவரிக்கே ஐந்தில் ஒரு பங்கு போகிறதே என்று கணக்குப் பார்க்கும் தோழிகள் வருந்தலாம். எனினும், ஒரே இணையக் கம்பியில் பாடம், படம், கட்டணக் கணக்கு, பேச்சு ஆகிய அனைத்தும் போவதால் மொத்தத்தில் இலாபமே. இன்னொன்று: உறைகள் தாமதமாக வந்தால் பேச்சு முன்னும் பின்னும் மோதிக்கொள்ளும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலோர் அதை உணர்வதில்லை என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

இனிப் பாலத்துக்கு வருவோம். டீம்ஸையே எடுத்துக்கொண்டால் அதற்கு உள்ள வழிகளுள் மூன்றைக் காண்போம். எண்ணையும் வெளித் தொடர்பையும் மைக்ரோசாப்டிடமே விலைக்கு வாங்குவது ஒன்று. அது எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. தொலைபேசி நிறுவனமே தன் வலையை மேகத்தோடு முன்னரே இணைத்து வைத்திருக்க, நாம் பெயரைப் பதிவு செய்து சேர்ந்துகொள்வது இரண்டாவது. மூன்றாவதில் நாமே நடுவில் ஒரு காவலரை நிறுத்தி, ஒரு கையால் மேகத்தையும் மறு கையால் தொலைபேசி நிறுவனத்தையும் பிடித்துக்கொள்ளச் செய்கிறோம். வேலை மிகுதி, ஆயினும் பழைய எண்ணையும் பழைய நிறுவனத்தையும் விடாமல் வைத்துக்கொள்ள இதுவே உகந்தது. பெற்றோர் பலரிடம் இருக்கும் எண்ணை மாற்றுவதில்லை என்று எங்கள் தலைமையாசிரியை உறுதியாக இருந்ததால் எங்கள் பள்ளியிலும் இம்முறையே. மேகம்தான் வேறு.

அந்தக் காவலரின் பெயர் "செஷன் பார்டர் கண்ட்ரோலர்". எல்லைக் காவலர் என்று நாம் சொல்லலாம். பள்ளி வாயிலில் நிற்கும் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வருகிறார்கள், யாரைப் பார்க்க, அனுமதி உண்டா என்று கேட்டு, உள்ளே விடுவார் அல்லது திருப்பி அனுப்புவார். எல்லைக் காவலரோ அத்தோடு நில்லாமல் மொழிபெயர்ப்பும் செய்கிறார். மேகத்தின் பக்கம் பேச்சு இரகசியக் குறியீட்டில் பூட்டப்பட்டு வருகிறது. தொலைபேசி நிறுவனம் பெரும்பாலும் அதைத் திறந்த நிலையில் எதிர்பார்க்கிறது. ஒரு பக்கம் குரலை ஒரு முறையில் சுருக்கியிருப்பார்கள். மறுபக்கம் அந்தப் பழைய 64,000 பிட் முறைதான் தெரியும். எல்லாவற்றையும் காவலரே கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றித் தருகிறார்.

இவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழிக்கு "சிப்" என்று பெயர். 2002-இல் இன்றைய வடிவம் பெற்றது. அதன் உரையாடல் நம் வீட்டு அழைப்பிதழைப் போலவே இருப்பது வேடிக்கை. "வருக" என்று ஓர் அழைப்பு போகும். "முயன்று கொண்டிருக்கிறேன்" என்று 100-ஆம் எண் பதில் வரும். "மணி அடிக்கிறது" என்பதற்கு 180. எடுத்துவிட்டால் 200. "நன்று, பெற்றுக்கொண்டேன்" என்று அழைத்தவர் ஒப்புவார். பேசி முடித்ததும் "போய் வருகிறேன்". அவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தால் 486. அப்படி ஒருவரே இல்லையென்றால் 404. அழைப்பு எதுவும் இல்லாத நேரத்திலும் மேகமும் காவலரும் சிறிது நேரத்திற்கொரு முறை "நலமா?" என்று விசாரித்துக்கொள்வார்கள். பதில் வராவிட்டால் அவ்வழியை விட்டு வேறு வழியைத் தேடுவார்கள். காவலரிடம் ஓர் அடையாளச் சான்றிதழும் இருக்க வேண்டும். அது காலாவதியானால், எல்லாக் கம்பிகளும் நலமாயிருக்க, எல்லாத் தொலைபேசிகளும் ஊமையாகிவிடும். புதுப்பிக்கும் நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைக்க வேண்டியதாயிற்று.

இப்போது அந்தத் தாயின் அழைப்புக்குத் திரும்புவோம். யாரேனும் அழைப்பை எடுத்ததும், எடுத்தவரின் கருவி "என் குரலை நான் அனுப்புகிறேன், உங்கள் குரலை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்" என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்பும். விடுதிப் பிள்ளை ஒருத்தி வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புநர் முகவரியில் "கிழக்கு அறை, மூன்றாம் கட்டில்" என்று மட்டும் எழுதினால் என்னாகும்? விடுதிக்குள் அது போதும். ஊரிலிருக்கும் அம்மாவோ பள்ளியின் பெயரும் ஊரும் இல்லாத முகவரிக்குப் பதில் போட்டால் தபால்காரர் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்? பிள்ளையின் கடிதம் அம்மாவுக்குக் கிடைக்கும். அம்மாவின் கடிதம் பிள்ளைக்குக் கிடைக்காது. அதுவேதான் இங்கும் நடந்தது. எங்கள் கருவி பள்ளிக்குள் மட்டும் செல்லும் உள்முகவரியை எழுதிற்று. எல்லைக் காவலர் அதை அழித்துவிட்டு, உலகறிந்த வெளிமுகவரியை எழுதியிருக்க வேண்டும்; அமைத்துத் தந்தவர்கள் அந்த ஒரு வரியை விட்டுவிட்டனர். சிஸ்டரின் "ஹலோ" வெளியே போயிற்று. தாயின் குரல் எங்கோ வழியில் மறைந்து போயிற்று. பொறியாளர் வந்து திருத்தியது பத்து நிமிட வேலை. அமைத்தவர்கள் வெளியிலிருந்து ஒரே ஒரு முறை அழைத்துப் பேசிப் பார்த்திருந்தால் அந்தத் தாய் இரவெல்லாம் பஸ்ஸில் வந்திருக்க வேண்டாம் என்று எங்களுக்குக் கோபமே வந்தது.

எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. மேகம் எல்லா எண்களையும் நாட்டுக் குறியீட்டோடு முழுமையாகவே அறியும்: முன்னால் கூட்டல் குறி, 91, பிறகு ஊரின் குறியீடு, அதன்பின் எண், எல்லாம் சேர்த்து 15 இலக்கங்களுக்கு மேற்படலாகாது என்பது உலக விதி. ஆனால் தொலைபேசி நிறுவனத்துக்கு அதை உள்ளூர் வழக்கப்படி கொடுக்க வேண்டும். நம் நாட்டில் 2021 ஜனவரி 15 முதல், நிலைத் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் ஒரு சுழியைச் சேர்க்க வேண்டும் என்றானது. காவலருக்கு இதைச் சொல்லித் தராவிட்டால் கைப்பேசிகளுக்குப் போகும் அழைப்பெல்லாம் வாயிலிலேயே நின்றுவிடும்.

எத்தனை வழிகள் வாங்குவது என்பதும் பார்ப்பதுபோல் எளிதன்று. கட்டணம் செலுத்தும் நாளில் மணிக்கு 60 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் நீடிக்கிறது என்று கொள்வோம். சராசரியாக எந்நேரமும் மூன்று அழைப்புகள் நடந்துகொண்டிருக்கும். ஆகவே மூன்று வழிகள் போதும் என்றுதானே தோன்றும்? நாங்களும் அப்படியே சொன்னோம், ஆசிரியை சிரித்தார். கோபன்ஹேகன் நகரின் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய ஏர்லாங் என்னும் டென்மார்க் கணித அறிஞர் இதற்காகவே ஒரு சூத்திரம் கண்டிருக்கிறார். அதன்படி மூன்று வழிகளே இருந்தால் நூறு பேரில் ஏறத்தாழ 35 பேருக்கு "பிஸி" ஒலிதான் கிடைக்கும்! நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே அது நேர வேண்டுமானால் எட்டு வழிகள் வேண்டும். அழைப்புகள் வரிசையாக வருவதில்லை, கூட்டமாகவே வந்து விழுகின்றன என்பதே காரணம். நாங்கள் தாளில் போட்டுப் பார்த்தோம். கணக்குச் சரியாகவே வந்தது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். சென்னையிலுள்ள கம்பெனி, தில்லிக்குச் செல்லும் அழைப்பைத் தன் சொந்த இணைய வலை வழியே தில்லிவரை கொண்டுசென்று, அங்கே உள்ளூர் அழைப்பாக இறக்கிவிட்டால் நெடுந்தூரக் கட்டணம் மிச்சமாகுமல்லவா? நம் நாட்டில் இது கூடாது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் வழியே தவிர, பொதுத் தொலைபேசி வலையைச் சுற்றிக் குறுக்கு வழியில் போவது குற்றம். அழைப்பு மையங்களுக்கான விதிகள் 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் பெரிதும் தளர்த்தப்பட்டபோதும் இத்தடை நீங்கவில்லை. அதனால்தான், பேசுபவர் எந்த ஊர் அலுவலகத்தில் இருக்கிறாரோ அவ்வூர்ப் பாலத்தின் வழியே மட்டும் வெளியே விடும் ஏற்பாடு டீம்ஸில் வைக்கப்பட்டுள்ளது.

இனி அந்த ஒன்பதின் கதை. 2013 டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஷல் என்னும் ஊர் விடுதி அறையில் காரி ஹன்ட் என்னும் இளம் தாய் கொடுமையாகத் தாக்கப்பட்டார். ஒன்பது வயதான அவருடைய மகள், பெரியவர்கள் கற்றுக்கொடுத்தபடியே அவசர எண்ணான 911-ஐ அழுத்தினாள். ஒருமுறை அன்று, நான்கு முறை. மணி போகவேயில்லை. அவ்விடுதியில் வெளியே பேச முதலில் இன்னொரு ஒன்பதை அழுத்த வேண்டும் என்பது அக்குழந்தைக்கு எப்படித் தெரியும்? தாய் இறந்துவிட்டார். அவருடைய தந்தை ஓயாது போராடியதன் பயனாக 2018 பிப்ரவரியில் "காரி சட்டம்" கையெழுத்தாயிற்று. 2020 பிப்ரவரி 16 முதல் அந்நாட்டில் புதிதாக அமைக்கப்படும் எந்த அலுவலகத் தொலைபேசியிலும் 911-ஐ நேரடியாக அழைக்க முடிய வேண்டும். அழைப்பு போனதும் வரவேற்பு மேசை போன்ற ஓரிடத்திற்கு அறிவிப்பும் செல்ல வேண்டும்.

மேகத் தொலைபேசியில் இது இன்னும் நுட்பமான விஷயம். சுவர்ப் பெட்டி இருந்த இடம் எல்லார்க்கும் தெரியும். மேகத்தில் இருப்பவர் வகுப்பறையில் இருக்கிறாரா, சுற்றுலாவில் ஊட்டியில் இருக்கிறாரா என்பது எண்ணைப் பார்த்துத் தெரியாது. பாலம் வேறு மாநிலத்தில் இருந்தால் 108 என்று அழுத்திய அழைப்பு அம்மாநிலத்தில் போய் இறங்கக்கூடும். ஆம்புலன்ஸ் அங்கிருந்தா வரும்? ஆகவே 100, 101, 108, 112 ஆகிய எண்கள் எந்த முன்னெண்ணும் இன்றி, நம் ஊர் வழியாகவே வெளியேற வேண்டும் என்று தனியே கட்டளையிட்டு, சோதித்தும் பார்க்க வேண்டும். எங்கள் பொறியாளர் முதலில் இதைச் செய்யவில்லை. நாங்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டுக் கேட்ட பிறகே செய்தார். இதை எழுதுவதில் எங்களுக்குச் சிறிது பெருமை உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை!

மின்சாரத்தையும் மறக்கலாகாது. பழைய செம்புக் கம்பி இணைப்பில் தொலைபேசி நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியே வந்தது. ஊரே இருளில் மூழ்கினாலும் தொலைபேசி பேசிற்று. மேகத் தொலைபேசிக்கோ மேசைக் கருவி, இணையப் பெட்டி இரண்டுக்கும் நாமே மின்சாரம் தர வேண்டும். இங்கிலாந்தில் செம்புக் கம்பித் தொலைபேசியை 2025 இறுதிக்குள் முற்றிலும் நிறுத்திவிடத் திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் தனியே வாழும் முதியோர் கழுத்தில் அணியும் அபாயப் பொத்தான்கள் அக்கம்பியை நம்பியிருந்தன. மாற்றியபின் சில பொத்தான்கள் வேலை செய்யாமற் போகவே, 2023 டிசம்பரில் கட்டாய மாற்றங்களை நிறுத்திவைத்தனர். இறுதி நாள் 2027 ஜனவரி 31-க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

எங்கள் விடுதியில் இணையப் பெட்டிக்கும் காவலருக்கும் தனியாக ஒரு பாட்டரி வைத்தாயிற்று. நான்கு மணி நேரம் தாங்குகிறது. அதுவும் ஓய்ந்துவிட்டால் பள்ளி எண்ணுக்கு வரும் அழைப்புகள் தாமாகவே சிஸ்டரின் மேசை இழுப்பறையில் உள்ள சிறிய கைப்பேசிக்குத் திரும்பிவிடும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மாலை, எங்களில் ஒருத்தி பள்ளிக்கு வெளியே நின்று ஒரு சாதாரணக் கைப்பேசியிலிருந்து விடுதியை அழைக்கிறாள். மின்சுவிட்சை அணைத்துவிட்டு இன்னொரு முறையும் அழைக்கிறாள். இரண்டு பக்கமும் குரல் கேட்டதா என்று குறிப்பேட்டில் எழுதிச் சிஸ்டரிடம் கையெழுத்து வாங்குகிறோம்.